அமாவாசையில் நெய்தவன்

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்வர்ணலதா வாட்சப்பில் பேசி அனுப்பினால்தான், ஆரணியில் அவள் தெருவுக்குச் சனி ஞாயிறு என்ன படம் என்பது முடிவாகும். குடும்பக் கதை, திரில்லர், கொரியாக்காரன் எடுத்தது, மலையாளத்தான் எடுத்தது எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். கணவர் சந்திரமோகன் பட்டு நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே செல்போனில் படம் பார்ப்பாள். தன்னை அறியாமல் கை நின்றுவிட்டால் நல்ல படம். விருது வாங்கிய படத்துக்கும் அதே சோதனைதான். உலகமே கொண்டாடிய ஒரு படத்தைப் பற்றி, "நிறைய தார் சுத்தினேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அதற்கு மேல் ஒரு விமர்சகரால் என்னதான் எழுதிவிட முடியும்?

அப்படிப்பட்டவளுக்கே ஒரு தர்மசங்கடம் வந்தது. களம்பூரில் அரிசி மில்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாத்தனார் பரிமளாவின் மகன் விக்னேஷ், முதல் படம் எடுத்திருந்தான். நெசவாளர் தெருவில் நடக்கும் கொலைக் கதை. தியேட்டர் கிடைக்காமல் நேராக ஓடிடியில் வந்துவிட்டது. நாலு பேர் பார்த்தால்தான் அடுத்த படம் கிடைக்கும், ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லுங்கள் அண்ணி என்று பரிமளா போன்மேல் போன் போட்டாள்.

படத்தில், ஊரே நல்லவர் என்று நம்பும் ஒரு நெசவாளரைப் போலீஸ் விசாரிக்கிறது. அமாவாசையன்று பொழுது முழுக்கத் தறியில்தான் இருந்தேன் என்கிறார் அவர். போலீசும் நம்பிவிடுகிறது.

ஸ்வர்ணலதா தலையில் அடித்துக்கொண்டாள். அமாவாசைக்குத் தறி ஓட்டுவதில்லை என்பது தெருவில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். படம் பாதிகூடத் தாண்டவில்லை, கொலைகாரன் அவளிடம் மாட்டிக்கொண்டான். மாமன் வீட்டுத் தறியை நாலு பக்கமும் படம் பிடித்துக்கொண்டு போன பையன், மாமனுக்கு என்றைக்கு லீவு என்று மட்டும் கேட்கவில்லை.

நம்ம பையன்தானே, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடேன் என்றார் சந்திரமோகன். இன்றைக்குப் பொய் சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை என் பேச்சை யார் நம்புவார்கள் என்று கேட்டுவிட்டு, அவள் மிச்சத்தையும் பார்த்தாள். செத்தவனின் மகள் ஆதரவு தேடி அந்தக் கொலைகாரன் வீட்டுக்கே வந்து தங்குகிறாள். வேண்டாம்மா, உள்ளே போகாதே என்று ஸ்வர்ணலதா போனிடம் கெஞ்ச ஆரம்பித்தாள். ராட்டை எப்போதோ நின்றுபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"இது நம்ம பரிமளா மவன் எடுத்த படம். கொலைகாரன் யாருன்னு நமக்குப் பாதியிலயே தெரிஞ்சிடும். அது அவன் பண்ண தப்புதான். ஆனா தெரிஞ்சப்புறம்தான் பயமே. அந்தப் பொண்ணு அவன் கையால சாப்ட்டுகினு இருக்குது, நாம பார்த்துகினு இருக்கோம். அவசியம் பாருங்க."

பரிமளா காதில் 'தப்பு' மட்டும்தான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே சண்டைக்குக் கிளம்பி வந்துவிட்டாள். வந்து பார்த்தால் அண்ணி வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. தெருவே டிவி முன்னால் இருந்தது. எதிர்வீட்டுக் குப்புராஜ், சாதாரணமாக வாயே திறக்காத மனுஷர், எழுந்து நின்று, அந்தக் காப்பியைக் குடிக்காதே என்று அந்தப் பெண்ணை அதட்டிக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட சண்ட போடத்தான் வந்தேன் அண்ணி" என்றாள் பரிமளா.

"போடலாம். படம் முடியட்டும், உக்காரு."

உட்கார்ந்தாள். தன் மகன் படத்தை மூன்று முறை பார்த்தவள்தான். ஆனாலும் கொலைகாரன் கதவைத் தாழிட்டபோது எல்லாரையும்விட அவள்தான் பலமாகக் கத்தினாள். அப்புறம் என்ன தோன்றியதோ, சென்னையிலிருந்த விக்னேஷுக்குப் போன் போட்டு, கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். கூடம் கத்தியது, திட்டியது, ஐயோ என்றது. கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான், சிரிப்பும் கேட்டது.

"வெச்சிடாதம்மா" என்றான். "முடியிற வரைக்கும் அப்படியே புடிச்சிகினு இரு."

கை வலிக்க வலிக்க, கடைசிவரை நீட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தாள் பரிமளா.