துடக்குக்காரியின் பதினொருவர்

எனக்கு வாய் கூட என்று ஊரில் ஒரு பேர் இருக்கிறது. இருக்கட்டும். வெண்கரை மைதானத்தில் ஒலிபெருக்கி பிடிக்கிறவனுக்கு வாய் குறைவாக இருந்தால் சனம் எதற்கு வரும்? என் பெயர் லெனாட். பக்கத்து ஊர் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். வெண்கரை அலையொளி விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்டங்களுக்கு நான்தான் அறிவிப்பாளன். பந்து யாருடைய காலில் நிற்கிறது, யார் யாரை வெட்டிக்கொண்டு போனான், நடுவருக்குக் கண் தெரியுமா தெரியாதா, எல்லாம் சொல்வேன். கடைசியில் சொன்னதை மட்டும் சொல்லக்கூடாது என்று லீக் ஆட்கள் இரண்டு தரம் எச்சரித்திருக்கிறார்கள்.

பிரசாந்தியின் கதையைச் சொல்ல நீ யார் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். நடந்தது முழுவதும் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. அதில் பாதி என் மைக்கில் நடந்தது.

பிரசாந்தி வெண்கரைக்காரி. ஆனால் வெண்கரையில் பிறக்கவில்லை. அவள் பிறந்தபோது ஊர் முழுவதும் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது. மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு முகாமில்தான் வளர்ந்தாள். கடல்தொழில் செய்த தகப்பன் அங்கே மற்றவர்களின் தோட்டத்தில் வெங்காயம் கிண்டப் போனார். முகாமின் தகரக் கொட்டில்களுக்கு நடுவே ஒரு ஒழுங்கை ஓடியது. பெடியன்கள் அதில்தான் பந்தடித்தார்கள், இவளும் அடித்தாள். தோளால் இடித்துக்கொண்டு போக அங்கே இடமில்லை, தகரம் கையைக் கிழித்துவிடும். அதனால் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் திருப்பப் பழகிக்கொண்டாள். பிறகு பள்ளிக்கூட அணி, மாவட்ட அணி, மாகாண அணி என்று போனாள். அதோடு முழங்கால் போனது.

விளையாட முடியாது என்றதும் அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. பயிற்றுநர் சான்றிதழ் எடுக்கக் கொழும்புக்குப் பஸ் ஏறியது தெரியும். வகுப்பு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்ததாம். விளங்காத இடத்தில் கையைத் தூக்கி, "வாயாலை சொல்லாதேங்கோ, பந்தாலை காட்டுங்கோ" என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறாள். அவர்களும் காட்டியிருக்கிறார்கள்.

கம்பி வேலி விலகி ஊர் திரும்பிக் கிடைத்தபின், வெளிநாட்டில் இருக்கும் வெண்கரைக்காரர் காசு சேர்த்துக் கழகத்தைத் தொழில்முறை லீக்கில் சேர்த்தார்கள். விளையாடுகிறவர்களுக்கு ஒப்பந்தம், மாதச் சம்பளம், கொழும்பிலிருந்து ஒரு தலைமைப் பயிற்றுநர். பிரசாந்தி அவருக்கு உதவிப் பயிற்றுநர். தொடரின் பாதிக்குள் அந்த மனிதர் ஏழு ஆட்டத்தில் ஒன்றைத்தான் வென்றார். தோற்கும்போதெல்லாம் காற்றைக் குறை சொன்னார். எங்கள் கடற்கரையில் காற்று அடிக்காமல் என்ன செய்யும்? ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்து கைபேசித் திரையில் ஆட்டம் பார்ப்பவர்களுக்கு இரத்தம் கொதித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு அவரை அனுப்பிவிட்டார்கள். பாதித் தொடரில் புது ஆளை எங்கே தேடுவது? பிரசாந்தியையே தலைமைப் பயிற்றுநராக வைத்தார்கள். கழகத் தலைவர் சிவக்கொழுந்து அவளுடைய தாயின் ஒன்றுவிட்ட தமையன், அவளுக்கு மாமா முறை. அவர்தான் வந்து சொன்னார். சொல்லும்போது முகத்தில் அவ்வளவு சந்தோசம் இல்லை. ஆனால் அணித் தலைவன் நிருஷன் கை தட்டினான், மற்றப் பெடியன்களும் தட்டினார்கள். அதனால் அவரும் தட்டினார்.

செவ்வாய்க்கிழமை கனடாவில் பிரசாந்தியின் பெரியப்பா சோமசேகரம் இறந்துபோனார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வெண்கரையில் ஆட்டத்துக்கு முதல் நாள் அணியின் சட்டைகளை ஒரே கட்டாகக் கட்டி, கடற்கரை வைரவர் கோயிலுக்குள் வைப்பார்கள். ஆட்டத்தன்று காலையில் தலைமைப் பயிற்றுநர் உள்ளே போய், பூசாரியிடம் கட்டை வாங்கி வந்து, வாசலில் நிற்கும் பெடியன்களுக்கு இலக்கம் சொல்லிக் கொடுப்பார். கொழும்பு மனிதர்கூட வேட்டி கட்டி, மேலுடம்பு வெறுமையாக, குளிருக்கு நடுங்கிக்கொண்டு உள்ளே போய் வாங்கினவர். அந்தச் சட்டை இல்லாமல் வெண்கரை பந்தைத் தொட்டதில்லை.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தகப்பன்வழிச் சொந்தம் எல்லாருக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு. கோயிலுக்குள் போகக்கூடாது, கோயிலில் வைத்ததைத் தொடக்கூடாது. கட்டிக்கொடுத்த பெண் என்றால் புருசன் பக்கத்துக்குப் போய்விடுவாள், பெரியப்பாவின் துடக்கு அவளுக்கு இல்லை. பிரசாந்தி கலியாணம் கட்டவில்லை. நான் வேதக்காரன், எனக்கு இதெல்லாம் கேள்விஞானம். ஆனால் வியாழக்கிழமை பின்னேரம் கழக மண்டபத்தில் சிவக்கொழுந்து வாயைத் திறந்தபோது, இந்தத் துடக்கை அவர் இரண்டு நாளாகக் கையில் வைத்துக்கொண்டு நின்றது எனக்கே விளங்கியது.

முதல் பதினொருவரும் நீள மர வாங்கில் இருந்தார்கள். பிரசாந்தி சுவரில் சாய்ந்து நின்றாள். சிவக்கொழுந்துக்குப் பக்கத்தில் மருதனார்மடத்து முருகேசு மாஸ்டர், லீக்குக்கு முந்திய காலத்துப் பயிற்றுநர், கழுத்தில் விசிலோடு இருந்தார். அந்த விசிலைக் கண்டதுமே எனக்கு நெஞ்சு எரிந்தது.

"பிள்ளை, உனக்குத் துடக்கு. சட்டைக் கட்டை நீ எடுக்கேலாது. தலைமைப் பயிற்றுநர்தான் எடுக்கோணும், அது எங்கடை முறை. அதாலை மாஸ்டர் பொறுப்பெடுக்கட்டும்."

"இந்தச் சனிக்கு மட்டுமோ மாமா?"

"மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

பிறகு பார்ப்போம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாதா? முப்பத்தொரு நாளில் நாலு ஆட்டம் வரும். நாலு ஆட்டம் கதிரையில் இருந்தவரை யார் எழுப்புவது? அவளுக்குக் கிடைத்தது நாலு நாள் பதவி. ஒரு ஆட்டம்கூட இல்லை.

"கலியாணம் கட்டி வேறை வீட்டுக்குப் போயிருந்தால் உனக்கு உந்தக் கரைச்சல் வந்திராது" என்று சிவக்கொழுந்து சிரித்துக்கொண்டு சொன்னார். ஆறுதல் சொல்கிறாராம்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பிரசாந்தி சுவரை விட்டு முன்னுக்கு வந்தாள். அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"துடக்குக்காரர் அந்தச் சட்டையைத் தொடக்கூடாது. அப்பிடித்தானே மாமா?"

"ஓம். வேறை என்ன?"

"சரி. மாஸ்டர், நான் பொறுப்பைத் தாறன். அணியையும் சேத்துத் தாறன், எடுங்கோ." அவள் வாங்குப் பக்கம் திரும்பினாள். "சோமசேகரம் பெரியப்பாவின்ரை தகப்பன்வழிச் சொந்தம் எல்லாரும் எழும்பி இஞ்சாலை வாங்கோ."

முதலில் நிருஷன் எழும்பினான். பிறகு கோல் காப்பாளன். பின்வரிசையில் மூன்று பேர். கடைசியாக, முன்னுக்கு நின்று கோல் அடிக்கும் சுதாகரன். வெண்கரை சின்ன ஊர், பாதி ஊர் ஒரு சந்ததி. முதல் பதினொருவரில் ஆறு பேர் சுவரோரம் வந்து நின்றார்கள். அன்று மண்டபத்துக்கு வராத மாற்று ஆட்டக்காரரும் அதே சந்ததிதான். மன்னாரிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்த ஐந்து பேர் வாங்கில் தனியாக இருந்து முழித்தார்கள்.

"இவங்கள் ஆறுபேருக்கும் எனக்குள்ள அதே துடக்கு" என்றாள் பிரசாந்தி. "நான் கையாலை தொடக்கூடாத சட்டையை உவங்கள் எப்பிடி உடம்பிலை போடுறது? மிச்சம் அஞ்சுபேர். மாஸ்டரின்ரை அணி உதுதான்."

சிவக்கொழுந்துவின் முகம் சிவந்தது. இது அவர் எண்ணாத கணக்கு. செத்த வீட்டை வைத்து அவளை மட்டும் வெளியே விடப் பார்த்தவர், செத்தவர் ஊர் முழுவதற்கும் சொந்தம் என்பதை மறந்துபோனார்.

"ஆம்பிளைப் பெடியளுக்கு விளையாட்டிலை உது பாக்கிறேல்லை."

"அதை வைரவர் சொன்னவரோ, நீங்கள் சொல்லுறியளோ?"

"விசர்க்கதை கதையாதை பிள்ளை! தோத்தால் ஆர் பொறுப்பு?"

"நான்தான். அதைத்தானே மாமா கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

நிருஷன் இடையில் புகுந்தான். "அக்காவுக்குத் துடக்கெண்டால் எனக்கும் துடக்குத்தான் தலைவர். நான் அந்தச் சட்டையைப் போடன்." சுவரோரம் நின்ற மற்ற ஐந்து பேரும் தலையை ஆட்டினார்கள். சுதாகரன் மட்டும் கொஞ்சம் பிந்தித்தான் ஆட்டினான். அவனுக்குச் சட்டையிலுள்ள ஒன்பதாம் இலக்கத்தில் கொள்ளை ஆசை.

முருகேசு மாஸ்டர் எழும்பினார். நல்ல மனிதர், கடைசியில் அப்படித்தான் சொல்ல வேண்டும். "அஞ்சு பேரோடை நான் சீட்டுக் கடுதாசி விளையாடலாம், பந்து விளையாடேலாது. நான் போட்டு வாறன் தலைவர்" என்று சொல்லி, தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

தலைமைப் பயிற்றுநர்தான் எடுக்கவேண்டும் என்ற முறையை மறந்துவிட்டு, சிவக்கொழுந்து என்னைப் பார்த்தார். "லெனாட், நீ வேதக்காரன். உனக்குத் துடக்கில்லை. நீ போய்க் கட்டை எடுத்துக்கொண்டு வாவன்."

நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சனிக்கிழமை பொறுப்பெடுக்க வேறு ஆள் இல்லை, பிரசாந்திதான் நின்றாள்; சட்டைக் கட்டு வைரவரிடமே இருந்தது. பெடியன்கள் பயிற்சிக்குப் போடும் வெளுத்த செம்மஞ்சள் பெனியன்களில் கறுப்பு நாடா ஒட்டி இலக்கம் போட்டுக்கொண்டு வந்தார்கள். சனம் மதிலிலும் கூரையிலும் ஏறி நின்றது. பாதிப் பேர் ஆட்டம் பார்க்க வந்தவர்கள், மற்றவர்கள் வைரவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க வந்தவர்கள். கோயில் பக்கம் கன்னத்தில் போட்டுக்கொண்ட கிழவிகளையும் கண்டேன்.

ஆட்டம் தொடங்க முன்னர் சிவக்கொழுந்து என் காதுக்குள் வந்து, "பயிற்றுநர் பேர் சொல்லாதை. நிர்வாகத்தின்ரை வழிகாட்டலிலை எண்டு சொல்லு" என்றார். நான் மைக்கை எடுத்தேன். வெண்கரை அலையொளியின் தலைமைப் பயிற்றுநர் செல்வி பிரசாந்தி என்று சொன்னேன். எதிர் அணிப் பெயர்களைச் சொன்னபிறகு, யாருக்கும் கேட்காமல் போயிருக்கலாம் என்று இன்னொரு தரமும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த ஆட்டத்துக்கு எனக்கு மைக் கிடைக்குமா என்பது சந்தேகமாக இருந்தது. கிடைக்காவிட்டால் போகட்டும்.

முதல் பாதியில் சுதாகரன் ஒரு கோல் போட்டான். மைதானம் எழும்பிக் கத்தியது. நான் கத்தியது கடலுக்கும் கேட்டிருக்கும். இடைவேளைக்குப் பிறகு பிரசாந்தி அவனை வெளியே எடுத்தாள். சனத்துக்கு நம்ப முடியவில்லை. எனக்கும் நம்ப முடியவில்லை, ஆனாலும் மைக்கில் அமைதியாகச் சொன்னேன். அவனுக்குப் பதில் நடுவரிசைக்கு ஒரு ஓட்டக்காரனை விட்டாள். கொஞ்ச நேரம் சரியாகத்தான் போனது. பிறகு எதிர் அணி ஒன்று போட்டது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் இன்னொன்று.

இரண்டுக்கு ஒன்று. தோற்றுப்போனோம்.

எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். தோற்றதற்காக இல்லை. மதிலோரத்தில் "நான் அப்பவே சொன்னனான்" என்ற சத்தம் கிளம்பிவிட்டது. வைரவர், துடக்கு, பொம்பிளைப்பிள்ளை, மூன்றையும் சேர்த்துப் பிசைந்து கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். நிருஷன் புல்லில் குந்திக்கொண்டு தலையைத் தூக்கவில்லை.

பிரசாந்தி மைதானத்தைக் கடந்து நேராக என் மேசைக்கு வந்தாள். முழங்கால் நோகும்போது கொஞ்சம் இழுத்து நடப்பாள், அன்றும் இழுத்தாள். கையை நீட்டினாள். மைக்கைக் கொடுத்தேன்.

"பிரசாந்தி கதைக்கிறன். இண்டைக்குத் தோத்தது நான். பெடியள் நான் சொன்னதைத்தான் செய்தவங்கள். வைரவருக்கும் உதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அவரை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ." நிர்வாகக் கதிரைப் பக்கம் திரும்பினாள். "சிவக்கொழுந்து மாமா, தோத்ததுக்கு என்னைத் தூக்கிறதெண்டால் இப்ப, இதிலை வைச்சே தூக்குங்கோ. எனக்கு அது சரி. ஆனால் பெரியப்பா செத்ததைச் சொல்லித் தூக்க நான் விடன்."

சிவக்கொழுந்து நிர்வாகக் கதிரையை விட்டு எழும்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். எல்லாக் கண்ணும் அவர்மேல். முடிந்தது என்று நினைத்தேன். மைக் இன்னும் அவள் கையில் திறந்தே இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"சுதாகரனை ஏனடி எடுத்தனீ?" என்று கத்தினார். "கோல் அடிச்சு நிக்கிறவனை ஆராவது வெளியிலை எடுப்பினமோ? விசரே உனக்கு?"

அவள் திரும்பிச் சுதாகரனைப் பார்த்தாள். பிறகு, "கோலுக்குப் பிறகு அவன் ஓடேல்லை மாமா" என்றாள்.

"ஓடாட்டிலும் சும்மா நிண்டிருந்தால் அவங்கடை ரெண்டுபேர் அவனைக் காத்துக்கொண்டு பின்னுக்கு நிண்டிருப்பாங்கள்! உது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்!"

"தலைவர் சொல்லுறது சரி!" என்று மதிலில் ஒருவன் கத்தினான். "என்ன சரி? அவன் களைச்சுப்போனான், அவள் எடுத்தது சரி!" என்று கூரையிலிருந்து இன்னொருவன். அதற்குப் பிறகு மைதானம் முழுவதும் அதே சண்டைதான். சுதாகரனை எடுத்தது சரியா பிழையா, நடுவரிசைக்கு ஆள் விட்டது ஏன், இரண்டாவது கோலுக்கு யார் பொறுப்பு. கன்னத்தில் போட்டுக்கொண்ட கிழவி ஒருத்தி, பின்வரிசையில் இடப்பக்கம் ஓட்டை என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். துடக்கு என்ற சொல்லை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கொழும்பு மனிதரை ஒவ்வொரு கிழமையும் ஊர் இப்படித்தான் ஏசியது. பிரசாந்தியை அன்றுவரை ஒருவரும் இப்படி ஏசியதில்லை. அவளைப் பற்றி அவர்கள் கதைத்ததெல்லாம் கலியாணமும் செத்த வீடும்தான்.

அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனால் சிவக்கொழுந்துவுக்கு ஒரு அடி கிட்டப் போய் நின்றாள். பதில் மைக்கில், ஊர் முழுவதற்கும் கேட்டது.

"அடுத்த சனியும் அவன் ஓடாட்டில், அடுத்த சனியும் எடுப்பன்."