எட்டுக்கால் சிப்பும் இருதயம்மாள் கையும்

கம்பத்தில் உழவர் சந்தைக்குப் போகிற வழியில், பூச்சிமருந்துக் கடையை ஒட்டி எட்டடி அகலத்தில் ஜெசிந்தாவின் கடை. ‘இங்கு சிப் லெவல் சர்வீஸ் செய்யப்படும்’ என்று பலகை மாட்டிப் பதினான்கு மாதமாகிவிட்டது. சார்ஜர் வயர் மாற்றவும் போனுக்குக் கண்ணாடி ஒட்டவும் ஆள் வந்தார்கள். போர்டில் செத்த சிப்பைப் பார்க்கச் சொல்லி ஒருத்தரும் வரவில்லை.

வேலை தெரியாதவள் அல்ல. சென்னைக்கு வெளியே ஒரு செல்போன் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்திருந்தவள். அரிசிக் குருணையைவிடச் சின்னப் பாகங்களைப் பார்த்துப் பார்த்து, எது சரியாக ஒட்டியிருக்கிறது, எது ஒட்டினமாதிரி நடிக்கிறது என்று ஒரு நொடியில் சொல்வாள். தொழிற்சாலையை மூடியதும், கிடைத்த பணத்தில் சாலிடரிங் சாமான்களை வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். கடைக்குப் பின்கட்டே வீடு. அங்கே அவளும், திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் அம்மா இருதயம்மாளும்தான். முப்பத்தாறு வயசாச்சே, கல்யாணம் எப்போ என்று கேட்கிறவர்களிடம், “கடையப் பாத்துக்க மாப்ள வீட்டுல ஆள் அனுப்புவாகளா?” என்று திருப்பிக் கேட்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாரீஸ்வரி ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புதுப்பட்டியில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி வைத்திருப்பவள். இரண்டு மிஷின், ஆறு பெண்கள். ரவிக்கைக்கான மயில், கலசம், கொடி எல்லாவற்றையும் அவளே புள்ளி புள்ளியாக அந்த லேப்டாப்பில் வரைந்து வைத்திருந்தாள். ஏழு வருடத்து வேலை, எண்ணூற்று நாற்பத்தாறு டிசைன். வேறு பிரதி கிடையாது.

பேட்டரி உப்பி, கீபோர்டு வடை மாதிரி எழும்பியிருந்தது. ஜெசிந்தா பேட்டரியைக் கழற்றிப் போட்டாள். புதுப் பேட்டரி மதுரையிலிருந்து வியாழக்கிழமைதான் வரும். சார்ஜரில் போட்டாலும் லேப்டாப் அடிக்கடி அணைந்தது. அந்தக் கோளாறுக்கென்றே கம்பெனிக்காரர்கள் பயாஸ் அப்டேட் ஒன்று வெளியிட்டிருந்தார்கள்.

“நாளைக்குக் காலையில வேணும்டி. ஞாயித்துக்கெழமை தேனியில கல்யாணம், முப்பது ரவிக்கை” என்று சொல்லிவிட்டு மாரீஸ்வரி ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

‘பேட்டரி இல்லை, செய்யக் கூடாது’ என்று அப்டேட் தடுத்தது. தடுப்பைத் தாண்டும் வழி ஜெசிந்தாவுக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. தாண்டினாள். அப்டேட் அறுபது சதவீதம் ஏறியபோது போனுக்குக் கண்ணாடி ஒட்ட ஒருவர் வந்தார். கடை வாசலுக்கு எழுந்து போனாள்.

மேகமலைப் பக்கம் வானம் உறுமியது.

இந்தப் பள்ளத்தாக்கில் முதல் உறுமலுக்கே வீட்டுக்கு ஒரு கை சுவிட்ச் போர்டுக்குப் போய்விடும். டிவி, மிக்ஸி, ஃபிரிட்ஜ் என்று எதுவும் சுவரோடு ஒட்டியிருக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளிப் போட்டால்தான் நெஞ்சு ஆறும். மூன்று வருடத்துக்கு முன் ஒரே இடியில் அந்தத் தெருவில் பதினொரு டிவி போயின. அதிலிருந்து இருதயம்மாளுக்கு இடியென்றால் கால் நிற்காது.

“ஏ ஜெசி, இடி இடிக்குது, எல்லாத்தையும் சொருகிப் போட்டுட்டு அங்கன என்னடி பண்ற?”

“அம்மா, அதத் தொடாத!”

சொல்லி முடிக்குமுன் பிளக் இருதயம்மாள் கையில் தொங்கியது.

“தொடாம? வெந்து போகவா? உசுரான சாமானக் காப்பாத்திக் குடுத்தா கத்துறா பாரு.”

ஜெசிந்தா ஓடி வந்து பிளக்கை வாங்கினாள். மறுபடி சொருகிப் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. ஒரு சின்ன விளக்கு மினுக்கியது. திரை கறுப்பு. பொத்தானை அழுத்தியதும் முதலில் தான் கண்விழித்து, கம்ப்யூட்டரில் மற்றதையெல்லாம் எழுப்பிவிடுகிற நிரல்தான் பயாஸ். அதைப் பாதி அழித்துப் பாதி எழுதுகிற நேரத்தில் மின்சாரம் நின்றிருக்கிறது. இனி எழுப்பிவிட ஆளில்லை.

மழை விட்டதும் அவளே மாரீஸ்வரியைக் கூப்பிட்டாள். பிளக்கைப் பிடுங்கியது யாரென்றும் சொன்னாள், பழியை அங்கே நிறுத்தவில்லை. நேரில் வந்து நின்ற மாரீஸ்வரியிடம் மறுபடியும் சொன்னாள்: “எம்மேல தப்புக்கா. பேட்டரி இல்லாம செய்யக் கூடாது. தெரிஞ்சே செஞ்சேன்.”

“டிஸ்க்கக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல போட்டா வந்துரும்ங்கிறாகளே எங்க வீட்டுக்காரவுக?”

“வராதுக்கா. உள்ள இருக்கிறதுக்கெல்லாம் பூட்டு கெடக்கு. லேப்டாப் வாங்குனப்பவே அதுவா போட்டுக்கிட்டது. சாவி இந்த மதர்போர்டுலதான் இருக்கு. மாத்துச் சாவி ஒரு மெயில்ல இருக்கும். எந்த மெயில் போட்டீக?”

“எனக்கென்ன தெரியும்? கடைக்காரவுக ஏதோ ஒண்ணப் போட்டுக் குடுத்தாக.”

“அந்தக் கடை எங்கன இருக்கு?”

“அது இப்ப பிரியாணிக் கடை.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“வெள்ளிக்கெழம காலையில மிஷின் ஓடணும்” என்றாள் மாரீஸ்வரி. “ஓடலைன்னா முப்பது பொம்பளைக மொட்ட ரவிக்கையோட மேடையேறுவாக. யாரு செஞ்ச வேலைன்னு கேட்டா ஒன் கடைக்கு வழி சொல்லுவேன். அவுக ரவிக்கையாச்சும் ஒரு நாள் பொழப்பு. எனக்கு ஏழு வருசம்டி.”

புதன்கிழமை மதுரை சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டாள். போர்டை மாற்ற வேண்டும், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பில்லை என்று முடித்துக்கொண்டார்கள். போர்டை மாற்றினால் சாவியும் போச்சு. பென்டிரைவில் பயாஸ் ஃபைலைப் போட்டு, இரண்டு விசைகளை அழுத்திக்கொண்டே பொத்தானைத் தட்டும் வழி ஒன்று உண்டு. நாற்பது தடவை தட்டினாள். விளக்கு மினுக்கியதோடு சரி.

எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் சுருளிராஜன் டீ கிளாசோடு வந்து வாசல் நிலையில் சாய்ந்தான்.

“ஏம்மா, கண்ணாடி ஒட்டுன கையி கண்ணு ஆபரேஷனுக்குப் போனா இப்டித்தான்.”

“டீ ஆறுது, குடிங்கண்ணே.”

“கோவிக்காத. ஒரு வழி சொல்றேன். நெட்டுல இதே மாடலோட முழு ஃபைல் கெடைக்கும். சிப்புல அப்டியே எழுதி விட்டுரு. திரை எரியும். டிசைனக் கேட்டா வைரஸ் தின்னுருச்சுன்னு சொல்லு. யாருக்குத் தெரியப் போகுது?”

அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான். பயாஸ் இருக்கும் சிப்பிலேயே இன்னொரு மூலையில் அந்தப் பூட்டின் சாவியும் கிடக்கிறது. வேறொரு லேப்டாப்பின் முழு ஃபைலை மேலே எழுதினால் திரை எரியும், சாவி அழியும். எண்ணூற்று நாற்பத்தாறு டிசைனும் திறக்காத பெட்டிக்குள் போய்விடும். யாருக்கும் தெரியாது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு நிமிடம் அது அவளுக்கு இனிக்கவும் செய்தது.

“எனக்குத் தெரியும்லண்ணே” என்றாள்.

வியாழக்கிழமை காலை போர்டை வெளியே எடுத்து வைத்தாள். சுண்டுவிரல் நகத்தளவு கறுப்புச் சிப், எட்டுக் கால். அந்த எட்டுக் காலையும் ஒரு கிளிப்பால் கவ்வி, வயரைப் புரோகிராமர் என்கிற சின்னக் கருவியில் சொருகி, அதைத் தன் லேப்டாப்பில் மாட்டினால் உள்ளே இருப்பதை வாசிக்கலாம், எழுதலாம். இந்தத் தடவை தன் லேப்டாப்பின் பேட்டரி முழுசாக ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்த்தாள்.

வாசித்தாள். மறுபடி வாசித்தாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவது, முந்தைய இரண்டுக்கும் பொருந்தாமல் நின்றது.

தொழிற்சாலையில் மூன்று பார்வையும் ஒன்றுபோலச் சொன்னால்தான் போர்டு அடுத்த மேசைக்கு நகரும். ஒத்துப்போகாத வாசிப்பை நம்பி எழுதினால், இருக்கிற சாவியையும் தன் கையாலேயே கெடுத்த மாதிரி. பூதக்கண்ணாடியை இழுத்துப் பார்த்தாள். கால்களில் எம்பிராய்டரி நூலின் தும்பு மிஷின் எண்ணெயோடு சேர்ந்து பிசுக்காக அப்பியிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் ஒவ்வொரு காலாகத் துலக்கினாள். இப்போது இரண்டு வாசிப்பு ஒத்துவந்தது, மூன்றாவது உதைத்தது. கிளிப்பின் ஸ்பிரிங் தளர்வு. தலைமுடியளவு நகர்ந்தாலும் ஒரு கால் விட்டுப்போகிறது. கையால் பிடித்துப் பார்த்தாள். மூன்று நாள் பயமும் விரலுக்கு வந்திருந்தது. கிளிப் வழுக்கி நகர்ந்தது.

தோட்டத்திலிருந்து திரும்பிய இருதயம்மாள் செவ்வாய்க்கிழமையிலிருந்து மகளோடு பேசவில்லை. கிளிப் நழுவுவதைப் பார்த்தாள். கை கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“என்னத்தப் பிடிக்கணும்? எங்கிட்டத் தா.”

“அசையக் கூடாதும்மா. இம்மிகூட.”

“போடி. முப்பது வருசமா நான் என்ன செய்றேன்னு நெனைக்க?”

திராட்சைக் கொத்தில் நெருக்கியிருக்கும் பிஞ்சுகளைக் கத்தரியால் கழித்துவிடுவது அவள் வேலை. பந்தலுக்குக் கீழே அண்ணாந்தபடி, தூக்கிய கை இறங்காமல், மணிக்கணக்கில். கத்தரி நுனி பக்கத்துப் பிஞ்சில் உரசினாலும் கொத்து அழுகும். தோட்டக்காரர்கள் இருதயம்மாள் வரும் நாளைப் பார்த்துத்தான் கழிப்பு வைப்பார்கள்.

அவள் குனிந்து கிளிப்பைப் பிடித்தாள். அது சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது.

“இன்னும் எம்புட்டு நேரம்?”

“பேசாத இரும்மா.”

“நானா பேசுறேன்? நீதான் மூச்சு மூச்சுன்னு விடுற. சிப்பு பயந்துரப் போகுது.”

ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

பிறகு ஜெசிந்தாவின் வேலை. சிப்பில் இருந்ததைத் திரையில் விரித்தாள். சாவி இருந்த பகுதி சேதமில்லாமல் கிடந்தது. பயாஸ் பகுதி ஓரிடம்வரை சரியாக வந்து, அங்கிருந்து வெற்றிடமாக நீண்டது. பிளக் பிடுங்கிய நொடி அங்கே கோடு கிழித்தாற்போலத் தெரிந்தது. கம்பெனி ஃபைலிலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதன் இடத்தில் பொருத்தினாள். தொடக்கம், முடிவு, நீளம் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி மூன்று தடவை சரிபார்த்தாள். மதியச் சோறு ஆறிப்போனது. மறுபடி அம்மா பிடிக்க, எழுதினாள். எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிட்டாள். ஒத்துவந்தது.

மதுரைப் பஸ்ஸில் வந்திறங்கிய புதுப் பேட்டரியைப் போட்டு மூடினாள். மாரீஸ்வரி வந்துவிட்டிருந்தாள். சுருளிராஜனும் தெருவைத் தாண்டி வந்து நின்றான்.

பொத்தானை அழுத்தினாள்.

விசிறி சுற்றியது. திரை கறுப்பு. பத்து நொடி. இருபது. தானாக அணைந்தது.

“நான் சொன்னேன்ல” என்று சுருளிராஜன் தொடங்கினான்.

“செத்த நேரம் சும்மா இருங்க!” மூன்று பெண்களும் ஒரே நேரத்தில்.

தானாகவே மறுபடி எழுந்தது. கம்பெனிப் பெயர் வெள்ளையாக மிதந்து வந்தது. ஜெசிந்தாவுக்கு அது போதாது. சாவி கெட்டிருந்தால் இப்போது மாற்றுச் சாவியைக் கேட்டு ஒரு நீலத் திரை வந்து நிற்கும். புள்ளிகள் வட்டமடித்தன. நீலம் வரவில்லை. பச்சை மயில் போட்ட ரவிக்கையின் படம் வந்தது.

மாரீஸ்வரி கையை நீட்டி, பாஸ்வேர்டைத் தட்டி, டிசைன்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தாள். கீழே ஓரத்தில் எண் இருந்தது: 846. அவள் அதை நம்பாமல் முதல் டிசைனைத் திறந்தாள். நடுவில் ஒன்று. கடைசி ஒன்று. எல்லாம் திறந்தன. தலையைக் குனிந்து முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“ஓ…!” என்று ஜெசிந்தா போட்ட சத்தத்தில் பூச்சிமருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“பிளக்கப் பிடுங்குனது நீங்கதானாத்தா?” என்றாள் மாரீஸ்வரி.

“நாந்தான். இந்தா ஒம் மயிலப் பிடிச்சுக் குடுத்ததும் நாந்தான். இப்ப ரெண்டும் சரியாப் போச்சு, காப்பி குடிக்கிறியா?”

ஜெசிந்தா லேப்டாப்பை அப்போதே கொடுத்துவிடவில்லை. எல்லா டிசைனையும் இரண்டு டிஸ்க்கில் பிரதி எடுத்தாள். மாற்றுச் சாவியின் எண்களைக் காகிதத்தில் அச்செடுத்து, ரேஷன் கார்டோடு வைக்கச் சொல்லி நீட்டினாள். சுருளிராஜன் அதுவரை போகாமல் நின்றிருந்தான்.

“எங்கிட்ட மூணு லேப்டாப் செத்துக் கெடக்கு” என்றான் மெதுவாக. “பாத்துச் சொல்றியாம்மா?”

“கொண்டாங்க. வரிசையில வைங்க.”

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மாவும் மகளும் புதுப்பட்டிக்குப் போனார்கள். ஆறு பெண்களும் எம்பிராய்டரி வளையத்தில் துணியை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாரீஸ்வரி லேப்டாப்பிலிருந்து டிசைனை அனுப்பினாள். ஊசி ஒரு தடவை தயங்கி, பிறகு படபடவென்று இறங்கியது. முதல் ரவிக்கையின் தோளில் மயிலுக்குக் கழுத்து வந்தது, கொண்டை வந்தது. இருதயம்மாள் குனிந்து, கொத்தைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அது கடைசித் தோகைவரை முடியட்டும் என்று நின்றாள்.