தம்பியின் பேரில் இன்னொருவன்

டவுன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்கு டிப்போவில் சிஐடி என்று பேர். அவளைவிட இளையவர்கள் மரியாதைக்கு 'அக்கா'வைச் சேர்த்துக்கொள்வார்கள். பின்வாசலில் ஏறினால் அவள் யாருடைய கையையும் பார்க்க மாட்டாள், கண்ணைத்தான் பார்ப்பாள். அவள் ஏறிய மறுகணம் எவன் ஜன்னலுக்கு வெளியே என்னவோ அதிசயம் நடக்கிற மாதிரி திரும்புகிறானோ, அவனிடம் டிக்கெட் இருக்காது. முக்கால்வாசி சரியாக இருக்கும். மிச்சக் கால்வாசிப் பேர், பாவம், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே வியர்த்துப் போவார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கமெல்லாம் அக்காவுக்குக் கிடையாது. "இருந்தா எடுத்துக் காட்ட வேண்டியதுதானே, எதுக்குய்யா திருதிருன்னு முழிக்கிற?" என்று அடுத்த சீட்டுக்குப் போய்விடுவாள்.

வேலையில் வந்த புத்தி சாயங்காலம் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடுமா என்ன? பக்கத்து வீட்டுக்காரி சிரித்துப் பேசினால் எதையோ கேட்கப் போகிறாள். சிரிக்காமல் போனால் எதையோ எடுத்துவிட்டாள். அக்காவின் கணக்கு இவ்வளவுதான்.

உலகத்தில் ஒரே ஒருத்தன் மட்டும் இந்தச் சந்தேகத்துக்கு வெளியே இருந்தான், அவளுடைய தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்து, இந்த நாட்டுக்குக் கூட்டிவந்து, படிக்கவைத்து, கல்யாணமும் பண்ணிவைத்தவள் அவள்தான். தனக்கென்று கல்யாணம் காட்சி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தத் தம்பி ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனான், நடந்து வரவில்லை. மிஞ்சியது தம்பி பொண்டாட்டி, ஒரு பெண் குழந்தை, அப்புறம் குடும்பப் பேர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த வீட்டுக்குப் போவாள், பாப்பாவுக்குத் தலை வாரிவிடுவாள், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வருவாள். மற்ற நாளெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துத்தான் அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சில வருஷம் கழித்துத் தம்பி பொண்டாட்டி ஒரு லிப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். வேலை அனுமதியில் வந்தவன், அதிகம் பேசாதவன். "கட்டிக்கோம்மா, உனக்கும் வயசு இருக்கு" என்று அக்காவே சொன்னாள். வாய் சொன்னதே தவிர வயிறு எரிந்தது. இவள் இனிமேல் அவன் பேரைப் போட்டுக்கொள்வாள், தம்பி பேர் அந்த வீட்டை விட்டுப் போய்விடும் என்று அழுது, மனசைத் தேற்றியும் வைத்திருந்தாள். ஆனால் நடந்தது தலைகீழ். லிப்ட்காரன் தன் குடும்பப் பேரை விட்டுவிட்டு, பொண்டாட்டியின் பேரைத் தான் போட்டுக்கொள்ளப் போகிறானாம்! பாஸ்போர்ட்டை மாற்றி, குடியிருப்பு அட்டையை மாற்றி, எல்லாவற்றிலும் அந்தப் பேராம்.

"என்னம்மா கூத்து இது? எந்த ஆம்பளையாவது பேரை மாத்துவானா?"

"அவருக்கு இஷ்டம்க்கா."

"இஷ்டமா? அது என்ன உங்க அப்பன் வீட்டுப் பேரா? என் தம்பி பேரு!"

"அக்கா, பாப்பா ஒருநாள் என்ன கேட்டான்னா..."

"குழந்தையை எதுக்கு நடுவுல இழுக்கற?" என்று அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் டிப்போவில் அவளோடு எப்போதும் தமாஷ் பேசும் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் காதைக் குடைந்துகொண்டே தீர்ப்புச் சொன்னான். "சொந்தப் பேரை உதறுறவன் ரெண்டே வகைதான் சிஐடி. ஒண்ணு கடன்காரன். இல்லைன்னா ஊர்ல ஒருத்தியை விட்டுட்டு வந்தவன்."

"இவர் எந்த வகைன்னு நெனைக்கிற?"

"பாத்தா ரெண்டும் சேந்த ஆள் மாதிரி தெரியுது" என்றான். அவன் லிப்ட்காரனை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. அது அக்காவுக்கும் தெரியும். இருந்தும் அந்த வார்த்தை அவள் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்கப்புறம் அவன் எதைச் செய்தாலும் அவளுக்குத் தப்பாகவே பட்டது. அவன் பாத்திரம் கழுவினால் காக்காய் பிடிக்கிறான். தம்பியின் போட்டோவைத் துடைத்து நேராக மாட்டினால் நடிக்கிறான். வீடு தம்பி பேரில் இருந்ததல்லவா, நாளைக்கு அதே பேரைக் காட்டி வீட்டையும் எழுதி வாங்கிக்கொள்வான்! பாஸ்போர்ட் வாங்க அவன் தூதரகத்துக்குப் போகிறான் என்று தெரிந்ததும் அக்கா லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள். எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்குகிற சாக்கில் நின்றாள்.

அவன் வெளியே வந்தான். புது பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தான். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யாருக்கோ போன் போட்டான். அக்கா புடவைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். "நான் சொல்றதைக் கேளுங்க... கோவப்படாதீங்க... வெச்சுடாதீங்க, வெச்சுடாதீங்க" என்றான். எதிர்முனையில் வைத்துவிட்டார்கள். அவன் போனைப் பார்த்தபடியே நின்றான், பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சரிதான், ஊர்ல ஒருத்தி இருக்கா! அக்காவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பொண்டாட்டியிடம் போய் எவன் 'கேளுங்க, வெச்சுடாதீங்க' என்று மரியாதையாகப் பேசுவான் என்ற கேள்வி வந்தது, வராமல் இல்லை. பயந்த புருஷன் அப்படித்தான் பேசுவான் என்று அதையும் அடக்கிவிட்டாள்.

அன்றைக்கே இமிகிரேஷன் ஆபீஸுக்குப் போன் போட்டாள். தன் பேரைச் சொல்லவில்லை. குடும்பத்து ஆள் என்று மட்டும் சொன்னாள். அந்தக் கல்யாணம் வீட்டுக்காகவும் அட்டைக்காகவும் நடந்தது, அந்த ஆளுக்கு ஊரில் இன்னொரு குடும்பம் இருக்கிறது, செத்தவன் பேரைத் திருடப் பார்க்கிறான். தெரிந்ததையும் சொன்னாள், தெரியாததையும் சொன்னாள். போனை வைத்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. நல்ல காரியம் பண்ணினாலும் அடிக்கும்தானே என்று சமாதானம் செய்துகொண்டாள்.

லிப்ட்காரன் அட்டையில் பேர் மாற்ற விண்ணப்பித்தபோதே இமிகிரேஷனில் பழைய அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். புது அட்டை வரவில்லை. விசாரணை என்றார்கள். அட்டை இல்லாத ஆளிடம் லிப்ட் அறைச் சாவியைக் கொடுக்க முடியாது என்று கம்பெனியும் கையை விரித்துவிட்டது. அவன் இரண்டு மாதமாக வீட்டிலேயே இருந்தான். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டான், சமைத்தான், சரியாக இருந்த குழாயைக் கழற்றி மாட்டினான். அக்கா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய், தட்டின் முன்னால் உட்கார்ந்து, "என்ன, இன்னும் வேலைக்குப் போகலையா?" என்று கேட்டாள். அவன் எரிந்து விழுகிறானா என்று பார்த்தாள். அவன் "இல்லக்கா" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போட்டான். உட்கார்ந்து சாப்பிட நல்ல வழி கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தாளே தவிர, அவளுக்கு இரக்கம் வரவில்லை.

அப்புறம் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் குடும்பப் பேர் உள்ள உறவினர் ஒருவர் சாட்சியாக வர வேண்டும் என்றார்கள்.

"எங்களுக்குன்னு இங்க உங்களை விட்டா யார்க்கா இருக்கா?" என்றாள் தம்பி பொண்டாட்டி.

அக்காவுக்கு உடனே சந்தேகம். தெரிந்துகொண்டுதான் கூப்பிடுகிறார்களோ? அங்கே வைத்து மானத்தை வாங்கத் திட்டமோ? போகாவிட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடுமே என்று போனாள்.

இமிகிரேஷன் ஆபீஸ் அறையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி, சுவரில் சத்தம் போடும் மின்விசிறி. அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண். திருமணப் பதிவுச் சான்று, புது பாஸ்போர்ட், பழைய அட்டையின் நகல் எல்லாவற்றையும் பரப்பி வைத்து ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தாள். பிறகு லிப்ட்காரனிடம் நேரடியாகவே கேட்டாள்.

"எதுக்கு உங்க பேரை விட்டீங்க?"

"பாப்பாவுக்காக மேடம்" என்றான். "மொதல்ல என் பேரை இவங்க போட்டுக்கறதாத்தான் இருந்துச்சு. ஃபார்ம்கூட நிரப்பிட்டோம். பாப்பா பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தா. 'அம்மாவும் உங்க பேருக்குப் போயிட்டா, நான் மட்டும் அப்பா பேர்ல தனியா இருக்கணுமா?'ன்னு கேட்டுட்டா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அவ பேரையும் மாத்தியிருக்கலாம். செத்துப்போன அப்பாகிட்ட இருந்து அதுக்கு மிச்சம் இருக்கறதே அது ஒண்ணுதான், அதையும் பிடுங்கறதா? அதான், யாரும் வர வேணாம், நானே உங்க பக்கம் வந்துடறேன்னு சொல்லிட்டேன்."

"மொத புருஷன் பேரைப் போட்டுக்கறது உங்களுக்கு ஒரு மாதிரியா இல்லையா?"

"இருக்கு மேடம்" என்று ஒத்துக்கொண்டான். "எங்க அப்பாவுக்கு அதைவிட இருக்கு. பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்னிக்கே தூதரக வாசல்ல நின்னு அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். 'என் பேர் வேணாம்னா நீ எனக்குப் பொறக்கவே இல்ல'ன்னு வெச்சுட்டார். அதுக்கப்புறம் எடுக்கறதே இல்ல."

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவா! ஐயோ, அப்பாவையா நான் பொண்டாட்டி ஆக்கினேன்! இத்தனை நாளும் பேரை இழந்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள். இவன் தன் பேரோடு அப்பாவையும் சேர்த்து விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினாள். "உங்க குடும்பத்துல இருந்தே ஒருத்தங்க போன் பண்ணி, இது போலிக் கல்யாணம்னு சொல்லியிருக்காங்க. அவங்களே நேர்ல வந்து, நான் சொன்னது தப்புன்னு கையெழுத்துப் போட்டா இங்கயே முடிச்சிடலாம். இல்லைன்னா மேலிடத்துக்குப் போகும். அதுவரைக்கும் இவர் வேலை செய்யக் கூடாது. மேலிடத்துல ஒத்துக்கலைன்னா இவர் ஊருக்குத் திரும்பித்தான் போகணும். போன் பண்ணினது யாரா இருக்கும்னு தெரியுமா?"

"தெரியாம என்ன மேடம்!" தம்பி பொண்டாட்டி பொரிந்தாள். "இவரோட ஃபோர்மேன் பொண்டாட்டிதான் குடும்பத்து ஆள்னு பொய் சொல்லியிருப்பா. இவர் வந்ததுல இருந்தே அவளுக்கு வயித்தெரிச்சல். அவமேல புகார் குடுக்கத்தான் போறேன். எங்க குடும்பத்துல அப்படிச் செய்யறவங்க யாரும் கிடையாது. இதோ, அக்காவையே கேளுங்க."

மூன்று பேரும் அக்காவைப் பார்த்தார்கள். 'ஆமாம்' என்று சொன்னால் போதும், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்படியே இருக்கும். இவன் ஊருக்குப் போய்விட்டால் பழையபடி நாம் மூன்று பேர்தான் என்ற எண்ணமும் அந்த நேரத்தில் எட்டிப் பார்த்தது. அதை நினைத்தது தான்தானா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. உண்மையைச் சொன்னாலோ அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். பாப்பாவின் தலையில் இனி யாரோ எண்ணெய் வைப்பார்கள். அக்கா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"ஃபோர்மேன் பொண்டாட்டி இல்லை. போன் பண்ணினது நான்தான்" என்றாள்.

அதிகாரி ஒரு தாளை எடுத்து வைத்து, பொய்த் தகவல் கொடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று படிப்படியாகச் சொன்னாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சொன்னது எதுவும் உண்மையில்லை, கண்ணால் கண்டதும் இல்லை, எல்லாம் என் நினைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அட்டை சீக்கிரம் வீட்டுக்கு வரும் என்றாள் அதிகாரி.

வெளியே நடைபாதையில் தம்பி பொண்டாட்டி வேகமாக முன்னால் போனாள். பிறகு நின்று திரும்பினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"வேலைக்குப் போகலையா, வேலைக்குப் போகலையான்னு வாராவாரம் இவரைக் கேட்டீங்களே அக்கா. இவர் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டே கேட்டீங்களே."

அக்கா அவளை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"இனிமே வீட்டுக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டு, பாப்பாவைக் கூட்டிவர நேரமாகிவிட்டதென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

லிப்ட்காரன் மட்டும் போகாமல் நின்றான். இவன் எதற்கு நிற்கிறான், இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்மேல கோவம் இல்லையா? நல்லவர் மாதிரி நடிக்காதீங்க."

"கோவம் இல்லாம? நிறைய இருக்கு" என்றான் அவன். "ரெண்டு மாசம் வீட்டுல உக்காந்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. உங்களைப் பாக்கவே பிடிக்கல. ஆனா, சொந்தக்காரங்க கதவைச் சாத்திட்டா வெளிய நிக்கறது எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியுமேக்கா. நான் வாராவாரம் எங்க அப்பாவுக்குப் போன் அடிக்கறேன். எடுக்க மாட்டார். இருந்தாலும் அடிக்கறேன். நீங்களும் அவளுக்கு அடிச்சுக்கிட்டே இருங்க."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். தம்பி செத்ததில் இருந்து மற்றவர் முன்னால் அழுதறியாதவள், போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதாள்.

"எத்தனை நாளைக்குடா அடிக்கணும்?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா" என்றான். "எனக்கே இன்னும் எடுக்கலையே."