மேவிஸ் பிரீஸின் இரண்டாவது பதினொன்றரை மணி

கல்யாணப் பெண்ணான தன்னை லட்லோ பதிவு அலுவலகத்துக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போகும் வேலையை மேவிஸ் என்னிடம் கொடுத்ததற்கு ஒரே காரணம், எனக்கு வண்டியைப் பிரிக்கத் தெரியாது என்பதுதான். எங்கள் பழைய மோட்டார் சைக்கிள் கிளப்பில் நாற்பத்து மூன்று பேர். நாற்பத்திரண்டு பேர் மெக்கானிக். நான் ஒருவன் செயலாளர்.

"மத்தவனுங்க ஓட்டினா சின்னதா ஒரு சத்தம் கேட்டாலும் ஓரங்கட்டிக் கழட்ட ஆரம்பிச்சிடுவானுங்க. நீ பேசாம ஓட்டுவ," என்றாள். பாராட்டா திட்டா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மேவிஸ் பிரீஸ், கிளன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் சமையல்காரி. அந்தச் சமையலறையில் உருளைக்கிழங்குத் தோல் சீவும் மெஷின் ஒன்று இருந்தது. வாரம் தவறாமல் மக்கர் செய்யும். லட்லோவிலிருந்து ஆள் வந்து பார்த்தால் சமத்தாக ஓடும். அவனுடைய வேன் தெருமுனை திரும்பியதும் நின்றுவிடும். நாலாவது தடவை மேவிஸ் அவனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் எதையும் தொடாமல் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரிய அடுப்பும் அதுவும் சேர்ந்து ஓடும்போது மட்டும்தான் நிற்கிறது. கோளாறு மெஷினில் இல்லை, சுவருக்குள் போகும் வயரில். அந்த வாரத்தோடு அவளுக்குக் கோளாறு கண்டுபிடிக்கும் பித்து பிடித்துவிட்டது.

மோட்டார் சைக்கிள் அவளுக்குப் புதிதல்ல. ஊருக்குள் வாரத்துக்கு இரண்டு பஸ்தான் என்பதால் இருபத்திரண்டு வயதிலிருந்து ஓட்டுகிறாள். பர்மிங்ஹாமில் செய்த அந்தக் காலத்து வண்டிகளைப் புதுப்பித்து வைத்துக்கொண்டு அவதிப்படும் ஆட்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அத்தனை பேரும் கடைசியில் அவள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். மின்சாரம் வருகிறதா என்று பார்க்க அவளிடம் இருந்த கருவி ஒரு குட்டி பல்பும் அதில் பற்றவைத்த இரண்டு வயரும். அதைக் கோட்டுப் பையிலேயே வைத்திருப்பாள், சர்ச்சுக்குப் போகும்போதும். இரட்டை சிலிண்டர் வண்டி திணறினால் இரண்டு புகைக்குழாய்களிலும் எச்சில் துப்புவாள். சொய்யென்று பொரிந்தால் அந்தப் பக்கம் வேலை செய்கிறது. வழிந்து ஓடினால் தூங்குகிறது.

ஆனால் எதைச் செய்வதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. "கடைசியா எதத் தொட்ட?"

ஒருமுறை பல் டாக்டர் ஒருவர் வந்தார். வண்டி கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, ஹாரன் மட்டும் அடிக்கவில்லை. கடைசியாக எதைத் தொட்டீர்கள் என்றாள். ஒன்றுமில்லை, பெயிண்ட் அடித்தேன் என்றார். மேவிஸ் நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து, ஹாரன் மாட்டும் இடத்தில் அந்தப் பெயிண்டைக் கறுக்கறுக்கென்று சுரண்டினாள். டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. மின்சாரத்தை மறித்த பெயிண்ட் போய், இரும்பு இரும்பைத் தொட்டதும் ஹாரன் அலறியது. "வண்டிய அழகு பண்ணலாம், மூச்சு முட்ட வைக்கக் கூடாது, டாக்டரய்யா," என்றாள். பாவம் மனுஷன், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

இப்பேர்ப்பட்டவள் கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டது கிளெம் ஓக்லியை. லாரிக் கதவுகளில் பெயர் எழுதும் பெயிண்டர். தங்கமான கை. ஆனால் தன் வண்டியில் ஒரு தப்பு இருக்கிறது என்று மட்டும் அவனால் மேவிஸிடம் சொல்ல முடியாது. வெட்கம்.

அந்த வெட்கத்தால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணமே நின்றுபோனது. அதே லட்லோ அலுவலகம், அதே பதினொன்றரை மணி. மேவிஸ் மாலைக்குப் பதில் கைநிறையப் பூங்கொத்தோடு காத்திருந்தாள். கிளெம் வரவில்லை. வழியில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்திலேயே போன் பெட்டி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளே வந்து பார்த்திருப்பாள். கல்யாணப் பெண் வந்து ரிப்பேர் பார்ப்பதா என்று இரண்டு மணி நேரம் தனியாக மல்லுக்கட்டினான். பிறகு வண்டி தானாகவே கிளம்பியது. அதற்குள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள்.

"கோளாறுள்ள வண்டிய எங்கிட்ட காட்டறத விட, கல்யாணமே நின்னு போகட்டும்னு இருந்துட்டான்ல," என்று அன்றைக்கு மேவிஸ் என்னிடம் சொன்னாள். அழவில்லை. மோதிரத்தை ஸ்பானர் பெட்டியில் போட்டு மூடினாள். கிளெம் அடுத்த வாரமே அந்த வண்டியை விற்றுவிட்டான்.

பதினோரு வருஷம் கழித்து, போன ஜூனில்தான் மறுபடியும் நாள் குறித்தார்கள். "மூணாவது தடவைன்னு ஒண்ணு கிடையாது, கிளெம்," என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கிளெம் எட்டு மாதம் ஷெட்டைப் பூட்டிக்கொண்டு ஐம்பத்தெட்டாம் வருஷத்து அறுநூற்றைம்பது சி.சி. வண்டி ஒன்றைப் புதுப்பித்தான். பெண் உட்கார இடது பக்கம் ஒரு சைட்கார். மேவிஸை எட்டிப்பார்க்கக்கூட விடவில்லை, கல்யாணப் பரிசாம். கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கு டேங்க் தளும்பத் தளும்ப பெட்ரோல் ஊற்றி, வெள்ளை ரிப்பன் கட்டி, என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் பறந்துவிட்டான். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துவிடக் கூடாதே.

பத்தேகாலுக்குக் கிளம்பினோம். பதினேழு மைல். அரைமணி நேரம் போதும். முன்னால் தன் வண்டியில் டென்ஸில், பின்னால் தன் வண்டியில் ஹோரஸ், இருவரும் கிளப் ஆட்கள். சைட்காரில் மேவிஸ், வெள்ளை உடையை மடியில் சுருட்டிக்கொண்டு, தலையில் வலையும் கொண்டை ஊசிகளுமாக. வெயில், காற்று, இரண்டு பக்கமும் பச்சை. எஞ்சின் அவ்வளவு சீராகப் பாடியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஆஸ்டன் ஊரைத் தாண்டும்போது எஞ்சின் இருமியது. பிறகு நின்றது.

எங்கள் கிளப்பில் வண்டி நின்றால் முதலில் பிளாஸ்க் திறக்கும், அப்புறம் வாய் திறக்கும். டென்ஸில் ஒரு கையில் டீயோடு டேங்குக்குள் எட்டிப்பார்த்தான். "பெட்ரோல் ரொம்பி இருக்கு. பிளக்தான் போயிருக்கும், பாரு," என்று இரண்டு பிளக்கையும் மாற்றினான். ஒரே உதை, வண்டி கிளம்பியது. டென்ஸிலுக்குப் பெருமை தாங்கவில்லை. "முப்பது வருஷ அனுபவம், தாயே," என்றான்.

கிரேவன் ஆர்ம்ஸ் ஊர்ச் சந்திப்பில் மறுபடியும் அதே இருமல், அதே கதை. மணி பத்து ஐம்பத்தைந்து.

"முப்பது வருஷ அனுபவம் அஞ்சு மைல்கூடத் தாங்கலயே," என்றான் ஹோரஸ். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மூடியைத் திருகி டேங்குக்குள் பார்த்தான். "சூடானா நிக்குது. அப்ப கண்டென்சர்தான். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்." தீப்பொறியைச் சீராக்கும் அந்தச் சின்ன உருளை அவனுடைய பையில் எப்போதும் ஒன்று இருக்கும். மாட்டினான். உதைத்தேன். கிளம்பியது. இப்போது ஹோரஸின் நெஞ்சு நிமிர்ந்தது.

மேவிஸ் சைட்காரில் உட்கார்ந்தபடி இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள், அந்த உருளைக்கிழங்கு மெஷினைப் பார்த்த மாதிரி.

மூன்றாவது தடவை நின்ற இடம் ஆனிபரி ரயில்வே கேட். கேட் மூடியிருந்தது. பின்னால் பத்துப் பன்னிரண்டு கார். மணி பதினொன்று பன்னிரண்டு, லட்லோவுக்கு இன்னும் ஐந்து மைல். பன்னிரண்டு மணிக்கு வேறொரு ஜோடிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். டென்ஸில் வயரைப் பிடித்து இழுக்கிறான், ஹோரஸ் கார்புரேட்டர் மேல் கை வைக்கிறான், இருவரும் ஒருவரை ஒருவர் திட்டுகிறார்கள்.

"யாரும் தொடாதீங்க," என்றாள் மேவிஸ். சைட்காரிலிருந்து இறங்கிவிட்டாள். "கைய பாக்கெட்ல போடுங்க. ரெண்டு பேரும்."

போட்டார்கள். அவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

"டென்ஸில், மொத தடவ நீ என்ன பண்ண?"

"பிளக் மாத்தினேன்."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணும் பண்ணல. பெட்ரோல் இருக்கான்னு பாத்தேன்."

"ஹோரஸ், நீ?"

"கண்டென்சர்."

"அதுக்கு முன்னாடி?"

ஹோரஸ் யோசித்தான். "நானும் மூடியத் தொறந்து பாத்தேன். ஏன், அதுல என்ன இருக்கு?"

"நீ ஒண்ணு மாத்தின, ஓடுச்சு. அவன் வேற ஒண்ணு மாத்தினான், அப்பவும் ஓடுச்சு. அப்ப நீங்க மாத்தினது ரெண்டுமே காரணம் இல்ல. ரெண்டு பேரும் ஒரே மாதிரி பண்ணது ஒண்ணுதான்."

டேங்க் மூடியின் மேல் காதை வைத்தாள். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், ஹாரன் நின்றது. மெல்லத் திருகினாள். உஸ்ஸ்ஸ் என்று டேங்க் காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

மூடியில் குண்டூசி முனையளவு ஓட்டை ஒன்று இருக்கும். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காமல் அப்படியே நின்றுவிடும். மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். மூடினால் சில மைலில் மறுபடியும் மூச்சு முட்டும்.

மேவிஸ் என் கைபேசியை வாங்கினாள். ஹோரஸ் பதறினான். "மாப்ளையோட இப்பப் பேசக் கூடாது, ஆகாது."

"பாக்கத்தான் கூடாது, கேக்கலாம்," என்றவள் போனில், "கிளெம், கடைசியா எதத் தொட்ட?" என்றாள்.

ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது. "எங்க இருக்கீங்க? நான் எதையும் தொடல, மேவிஸ். போன வாரம் அறுவது மைல் ஓட்டிப் பாத்தேன், சும்மா கிண்ணுனு போச்சு."

"அதுக்கப்புறம்?"

"நேத்து ராத்திரி பாலிஷ் போட்டேன். அவ்ளோதான்."

"எங்கெங்க போட்ட?"

"எல்லா எடத்துலயும்தான்."

"டேங்க் மூடிக்கு?"

"உள்ளயும் வெளியயும். ரெண்டு தடவ. ஏன்?"

மேவிஸ் போனை வைத்தாள். கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, மூடியைக் கவிழ்த்து, ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தாள். வெள்ளை மெழுகு புழு மாதிரி நெளிந்து வந்தது. வாயில் வைத்து ஊதினாள். மறுபக்கம் காற்று வந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஐம்பத்தெட்டு வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ரயில் தடதடவென்று போனது. கேட் தூக்கினார்கள்.

"நீ எறங்கு," என்றாள் என்னைப் பார்த்து.

"உடுப்பு பாழாயிடும், மேவிஸ்."

"உடுப்பு கெடக்குது, எறங்குய்யா."

சைட்காரில் அவளுடைய பூங்கொத்தோடு நான். உடையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் உதைத்த ஒரே உதையில் எஞ்சின் உறுமியது. அந்த ஐந்து மைல் நான் கண்ணை மூடவே இல்லை. வளைவில் சைட்கார் சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. நான் கத்தினேன், அவள் சிரித்தாள். டென்ஸிலும் ஹோரஸும் எங்கேயோ பின்தங்கிவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் என் கால் தானாகத் தாளம் போடுகிறது.

பதினொன்று இருபத்தொன்பதுக்கு உள்ளே நுழைந்தோம். கிளெம் சுவரோரம் நின்றிருந்தான், சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்துப்போய். மேவிஸின் கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு, கொண்டை ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது, மேலெல்லாம் பெட்ரோல் வாடை. பதிவாளரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் மேவிஸ். "கிளெம், பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அன்னைக்கு, அந்த வண்டியில என்ன கோளாறு?"

கிளெம் தரையைப் பார்த்தான். "இன்னைய வரைக்கும் தெரியல. என்னென்னவோ கழட்டிப் பாத்தேன். அப்புறம் பெட்ரோல் இருக்கான்னு மூடியத் தொறந்தேன், கெளம்பிடுச்சு. பாழாப்போன வண்டின்னு வித்துட்டேன்."

"அன்னைக்குக் காலைல கடைசியா எதத் தொட்ட?"

அவன் முகம் மாறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"கல்யாணமாச்சேன்னு," என்றான், "பாலிஷ் போட்டேன்."

மேவிஸுக்குச் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும் சேர்ந்தே வந்தது. பதினோரு வருஷம், ஓர் ஊசிமுனை ஓட்டை. அன்றைக்கு ஒரு போன் செய்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

கிளெம் கோட்டுப் பையிலிருந்து ஷெட் சாவியை எடுத்து அவளுடைய கறுத்த உள்ளங்கையில் வைத்தான். அவள் கொண்டை ஊசியை அவன் சட்டைப் பையில் குத்தினாள்.

"இப்ப ஆரம்பிங்கம்மா," என்றாள். எண்ணெய் விரலில் மோதிரம் வழுக்கிக்கொண்டு ஏறியது.