மாமா வாசலில் நின்ற கல்யாணம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் மாமா தேய்த்த வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். அம்மாவுக்கு ஒரே தம்பி. கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். அன்று நடையில் தள்ளாட்டம் இல்லை, கண்ணில் சிவப்பு இல்லை. அம்மா சாமி படத்தடியில் இருந்த திருநீற்றை அள்ளிக்கொண்டு ஓடிவந்து அவர் நெற்றிக்குக் கையை உயர்த்தினாள். மாமா அந்தக் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினார். "வேணாக்கா."

அதுவரை அவரைக் குடியிலிருந்து மீட்க அம்மா செய்யாதது எதுவுமில்லை. சம்சு என்ற மலிவுச் சாராயம் அவருடைய வேலையைத் தின்றிருந்தது. அத்தை குழந்தையோடு காஜாங்கில் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். போதையில் வந்து விழும் தம்பியின் நெற்றியில் அம்மா திருநீறு பூசிவிட்டு அருகிலேயே உட்கார்ந்திருப்பாள். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கவைத்துப் பத்துமலையில் காவடி எடுக்கச் செய்தாள். அந்த விரதம் பொய்யில்லை. படியேறும்போது அவர் தேம்பி அழுததை நான் பக்கத்தில் நடந்து பார்த்திருக்கிறேன். ஆனால் காவடியை இறக்கிய மறுவாரமே மறுபடி கடை வாசலில் கிடப்பார். என் அக்காவின் காதுகுத்துக்கும் குடித்துவிட்டுத்தான் வந்தார். தாய்மாமன் மடி வேண்டுமே! இரண்டு பேர் தோளைத் தாங்கிக்கொள்ள, அவர் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள்.

பிறகு கூட்டாளி டிரைவர் ஒருவர் அவரைக் கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே வந்தவர்களில் பலர் குடியில் விழுந்து எழுந்தவர்கள். வேலை முடிந்ததும் யாராவது ஒருவர் மாமாவுடன் வந்து உட்கார்ந்துகொள்வாராம். கை நடுங்கினால் பிடித்துக்கொள்வார்களாம், அவர் கத்தினால் பாடுவார்களாம். அவரைத் தூக்கி நிறுத்தியது கடவுளா அந்த மனிதர்களா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் கர்த்தர் என்றுதான் சொல்வார்.

"குடிச்சிட்டு வுழுந்து கெடந்தப்பல்லாம் பூசினேனே, அப்ப வேணாம்னு சொன்னியா?" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் கேட்டாள் அம்மா.

"அப்ப எனக்கு ஏது நெனவு இருந்துச்சு? இப்ப இது ஒண்ணத்தான்கா புடிச்சிட்டு நிக்கிறேன். கொஞ்சம் புடிய விட்டாலும் வுழுந்துருவேன். பயமா இருக்குக்கா."

பயம் என்று அவர் சொன்னது அம்மாவின் காதில் ஏறவில்லை. தன் கை தடுக்கப்பட்டது மட்டுமே ஏறியது. அத்தை திரும்பி வந்தாள், மறுபடி லோரி வேலை கிடைத்தது. அந்த நல்ல சேதிகளை எல்லாம் அம்மா அடுத்த வீட்டுச் சேதி போலக் கேட்டுக்கொண்டாள்.

எண்பதுகளின் நடுவில் அக்காவுக்குக் கல்யாணம். பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டியவர் மாமா. "வேதத்துக்குப் போனவன் எப்படிலா மேடை ஏறுவான்?" என்று, மாமா கிறிஸ்தவராகிவிட்டதைச் சொல்லி, சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அம்மா வாய் திறக்கவில்லை. ஒன்றுவிட்ட மாமா ஒருவர் அக்காவை அழைத்து வந்தார். அவர் மேல் பீர் வாடை வீசியது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் மாமா மண்டப வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கைகூப்பிக்கொண்டிருந்தார். தாலி ஏறியதும் அங்கிருந்தே கை உயர்த்தி ஆசீர்வதித்துவிட்டு, கிள்ளான் பஸ்ஸுக்கு நடந்தார். கூடவே போன அத்தை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

குடியை விட்டவரை, பழைய குடி விடவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா முருகன் கோயிலுக்குப் போனாள். யார் பேருக்கு அர்ச்சனை என்று குருக்கள் கேட்டார். ஞானஸ்நானத்தில் மாமா வேறு பெயர் வாங்கியிருந்தார். அம்மா ஒருநாளும் உச்சரிக்காத பெயர். அன்று அதைத்தான் சொன்னாள். குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். "ரோகிணி நட்சத்திரம்" என்று அம்மா சேர்த்துச் சொன்னாள். அவர் மந்திரத்தைத் தொடங்கினார்.

மறுநாள் அம்மா அந்தப் பெயரையே சொல்லி அழைத்தபடி அவர் கட்டிலருகே போனாள். மாமா சிரித்தார். வயிறு வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார். "யாரோ கூப்புட்ற மாதிரி இருக்கு. நீ பழைய பேரையே கூப்புடுக்கா." அம்மா கூப்பிட்டாள். அவர் உயிர் போகும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அதற்கு அந்த ஒரு வாரம்தான் கிடைத்தது.

இப்போது அம்மா சுபாங் ஜெயாவில் என்னோடு இருக்கிறாள். சில மாலைகளில் பேச்சு அந்தக் கல்யாணத்துக்குப் போய்விடும். "மேடை ஏற மாட்டேன்னு அவன் சொல்லவே இல்ல" என்பாள். "நான்தான் கூப்புடல."