பின்னட்டையில் கொலைகாரன்

மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுதான் ஹால்தார் பாபு தோர்ஷாவைத் தன் பதிப்பகத்தில் சேர்த்திருந்தார். புத்தகக் கடைகள் நிறைந்த காலேஜ் தெருவுக்கும் அச்சகத்துக்கும் நடந்தே அவள் செருப்பு தேய்ந்தது. கடைசியில் ஒருவழியாக எழுத்து வேலை கிடைத்தது. மிஹிர்பரணின் துப்பறியும் நாவலுக்குப் பின்னட்டைக் குறிப்பு.

போன துர்கா பூஜைக்குப் பத்திரிகை போட்ட பூஜை மலரில் வந்த நாவல். அண்ணனிடமிருந்து மலரைப் பிடுங்கி அவள் ஒரே மூச்சில் படித்தது. அதனால் புத்தகத்துக்காக ஆசிரியர் திருத்திக் கொடுத்த பிரதியைத் தொடாமலே குறிப்பை எழுதிவிட்டாள்.

வங்காளப் புத்தாண்டு. எழுத்தாளர்கள் பதிப்பகம் பதிப்பகமாகப் போய் இளநீர் குடிக்கும் நாள். விற்பனையாளர் பிஷ்டு புதுப் புத்தகக் கட்டைப் பிரித்துப் பின்னட்டையை உரக்கப் படித்தார்.

"'நாடி பிடித்த கையே நஞ்சு கலந்ததா?' ஏம்மா, டாக்டர்தான் கொன்னான்னு நீயே போட்டுக் குடுத்துட்டியே! இனி எவன் வாங்குவான்?"

ஹால்தார் பாபுவின் முகம் கறுத்தது. "பாதி ஊரு பூஜை மலர்லயே படிச்சாச்சு. மீதிப் பாதியையும் நீ விரட்டிட்ட. மிஹிர்தா வரட்டும், அவர் கையாலயே உனக்கு வழியனுப்பு."

எல்லோரும் மிஹிர்தா, அதாவது மிஹிர் அண்ணா, என்று அழைக்கும் மிஹிர்பரண் வியர்வையில் நனைந்த ஜிப்பாவோடு வந்தார். இளநீரை உறிஞ்சிக்கொண்டே புத்தகத்தைத் திருப்பினார். உறிஞ்சுவது நின்றது.

"யார் எழுதினது?"

"நான்தான், மிஹிர்தா." அலமாரியை ஒட்டி நின்ற தோர்ஷா ஓரடி முன்னால் வந்தாள். "தப்புதான்."

"தப்பா? டாக்டரை முதல் அத்தியாயத்துலயே கண்டுபிடிச்சிட்டோம்னு வாசகருங்க என் மானத்தை வாங்கிட்டாங்க. அதான் புத்தகத்துல கொலைகாரனையே மாத்தினேன். இப்ப இதைப் பார்க்கறவன் கடைசிப் பக்கம் வரைக்கும் டாக்டர் சட்டையையே பிடிச்சிக்கிட்டு இருப்பான். பலே!"

"யோசிச்சுத்தான் செஞ்சோம்," என்றார் ஹால்தார் பாபு, கூசாமல். பிஷ்டுவுக்கு இருமல் வந்தது.

எழுத்தாளர் அடுத்த கடைக்கு நகர்ந்ததும் முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "பிரதியைப் படிக்கல, இல்ல?"

"இல்ல, ஹால்தார்தா."

"இனிமே படிக்காம ஒரு வரி எழுதக் கூடாது. நாளைக்கு வந்துடு. நாளை மறுநாளும்தான்."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இவ்வளவு நேரமும் கைக்குள் நசுங்கிக் கிடந்த சந்தேஷ் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டாள்.

"அப்போ யாருதான் கொன்னது, முதலாளி?" என்றார் பிஷ்டு.

ஹால்தார் பாபு மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். மெய்ப்புத் திருத்தம் வெளியாள் வேலை; புதுப் பிரதியை அவரும் படித்திருக்கவில்லை.

"தோர்ஷா, உட்கார்ந்து படிம்மா. படிச்சிட்டு எங்களுக்கும் சொல்லு."