பூந்தமல்லிக்குப் போன பெட்டி

மண்ணூர்பேட்டைத் தொழிற்சாலையில் கஜபதிக்கு ஏழு வருடமாகத் தற்காலிக வேலை. ஏழு வருடம் நீடித்ததைத் தற்காலிகம் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! இரண்டு வருடத்தில் நானூற்றெண்பது நாள் வேலை செய்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். பணியாளர் பிரிவு மனோகரனிடம் போய்க் கேட்டால், “கம்ப்யூட்டர்ல பாக்கணும்பா” என்பார். எப்போது பார்ப்பார் என்பது அந்தக் கம்ப்யூட்டருக்கே தெரியாது.

கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் இராமகிருஷ்ணன் பம்பாயில் மூன்று நாள் கருத்தரங்குக்குப் போய் ஒரு பயத்தோடு திரும்பினார். தீ வரலாம், வெள்ளம் வரலாம். கணக்கு, சம்பளம், வருகைப் பதிவு எல்லாவற்றுக்கும் ‘பேக்கப்’ என்று ஒரு பிரதி தூரத்தில் இருந்தாக வேண்டும். வாராவாரம் சனிக்கிழமை மதியம் அந்தப் பிரதியைப் பதிந்த பத்து டேப்புகளைத் தகரப் பெட்டியில் பூட்டிப் பூந்தமல்லிக் கிடங்குக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. சுமக்கத் தோதாகக் கிடைத்தவன் கஜபதி.

“கம்பெனியோட உயிரே உன் கையிலதான்பா இருக்கு” என்றார் இராமகிருஷ்ணன்.

அந்த ஒரு வார்த்தைக்கு உச்சி குளிர்ந்து போனான் மனுஷன். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பெட்டியைக் கீழே வைக்க மாட்டான். கிடங்குக்காரர் அப்பாவு, “இன்னாபா கீது உள்ளார?” என்று கேட்டால், “கம்பெனியே இதுக்குள்ளதான் கீது அண்ணாத்தே” என்பான். அப்பாவுவும் பயபக்தியோடு ஆயுத பூஜையன்று பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டார். பெட்டியை ஒப்படைத்துவிட்டுக் கஜபதி அங்கிருந்தே வீட்டுக்குப் பஸ் ஏறுவான். இப்படி மூன்று வருடம் ஓடியது.

தொண்ணூற்று நாலு ஐப்பசியில் அடைமழை. தண்ணீர் நேரே கம்ப்யூட்டர் அறைக்குள் புகுந்தது. ஏரிப் பக்கமாகப் பார்த்துத் தரைத்தளத்தில் அந்த அறையைக் கட்டிய புண்ணியவான் யாரென்று கேட்கக் கூடாது. அவர் இப்போது டைரக்டர்.

“அட்டெண்டன்ஸ் எல்லாம் போச்சுப்பா. இனிமே முதல்லேருந்துதான் எண்ணணும்” என்றார் மனோகரன். குரலில் துக்கம் இருந்தது. முகத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

கஜபதி திரும்பி இரண்டடி நடந்தான். அப்புறம்தான் உறைத்தது. “இன்னா சார் போச்சு? பூந்தமல்லில பத்திரமா கீது சார்!”

பஸ் ஓடவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே போனான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே திரும்பினான். கடன் வாங்கிய கம்ப்யூட்டரில் டேப்பை மாட்டினார்கள். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை! இராமகிருஷ்ணனுக்கு மாலை மரியாதை, பதவி உயர்வு. யூனியன்காரர்கள் விடுவார்களா? வருகைப் பட்டியலைப் போடு என்று பிடித்துக்கொண்டார்கள். தற்காலிகக்காரர்கள் முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தேழு பேர் நிரந்தரம்.

கஜபதிக்கு நானூற்று எழுபத்தாறு நாள்தான். நாலு நாள் குறைவு.

மனோகரன் முன்னால் போய் நின்றான் கஜபதி. “நான் ஒரு நாள் லீவு போட்டவன் இல்ல சார்!”

மனோகரன் பட்டியலை நிதானமாகத் திருப்பிக் காட்டினார். டேப்பில் இருந்தது கடைசி இரண்டு வருடக் கணக்குதான். அதில் சனிக்கிழமைகள் நூற்று நாலும் ஆப்சென்ட். காலையில் வந்ததற்கு வருகைக் கார்டில் குத்து விழுந்திருந்தது, போனதற்கு விழவில்லை. கூலி போட வந்த குத்தே போதும்; நாள் எண்ணும்போது மட்டும், ஒரு குத்துதான் இருந்தால் ஆள் வரவில்லை என்றே எடுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர். பெட்டி போவது சரக்கு வாசல் வழியாக. அங்கே கார்டு குத்தும் கடிகாரம் கிடையாது. பெட்டிக்கு கேட் பாஸ் உண்டு, தூக்கிப் போகிறவனுக்கு ஒன்றும் இல்லை.

கஜபதி இராமகிருஷ்ணனிடம் ஓடினான். “சார், நீங்கதானே சார் அனுப்புனீங்க? ஒரு வார்த்த சொல்லுங்க சார்!”

அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. “எனக்குத் தெரியாதாப்பா? ஆனா டேப்ல இருக்கறத நானே மாத்தினா, அப்புறம் பேக்கப்புக்கு என்னப்பா மரியாதை?”

 

அடுத்த சனிக்கிழமை மதியம் பெட்டி தயாராக இருந்தது. சரக்கு வாசலில் செக்யூரிட்டி லட்சுமணன் வழக்கம்போல கேட் பாஸ் எழுத உட்கார்ந்தார். “டேப்பு பத்து, பெட்டி ஒண்ணு. அவ்ளோதானே?”

“கீழ இன்னொண்ணு சேத்துக்கோ அண்ணாத்தே” என்றான் கஜபதி. “கஜபதி ஒண்ணு.”